மூடிய பொட்டலமும் தேர்ந்த விரல்களும்

சோப்பு வாங்கினால் கார், பிஸ்கட் வாங்கினால் தங்கக் காசு என்று நாடு முழுவதும் விளம்பரம் செய்கிற நிறுவனங்கள், அதே விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: இச்சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. நம் மாநிலத்தை மட்டும் இப்படித் தனியே ஒதுக்கி வைக்கக் காரணம் 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டத் தடைச் சட்டம். பொருள் வாங்கியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கியோ வேறு ஏதாவது வகையிலோ ஆளைத் தேர்ந்து பரிசு கொடுக்கும் திட்டங்களை அது தடுக்கிறது. 1968-ல் அரசே தொடங்கி நடத்திய லாட்டரியும் 2003 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. கடையில் பொருள் வாங்குவதையும் அதிர்ஷ்டம் பார்ப்பதையும் ஒன்றாக முடிச்சுப் போடக் கூடாது என்பதில் தமிழ்நாட்டுச் சட்டம் மற்ற மாநிலங்களைவிடக் கண்டிப்பாகவே இருந்திருக்கிறது.

ஆனால் ஆலங்காயம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில், கல்லாவுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒரு தட்டு நிறையப் பிளாஸ்டிக் முட்டைகள் இருக்கின்றன. பாதி முட்டையில் கரண்டியால் வழித்துத் தின்னும் கிரீம், மறு பாதியில் ஒரு பொம்மை. என்ன பொம்மை என்பது உடைத்த பிறகுதான் தெரியும். கிண்டர் ஜாய் என்ற இந்த முட்டையை ஃபெரேரோ நிறுவனம் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாரிக்கிறது. காவலூர் வானாய்வகத்துக்கும் ஜவ்வாது மலைக்கும் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் இந்தச் சின்ன ஊர் வரை அது வந்து சேர்கிறது. பெருநகரக் கடைகளிலோ இதே வியாபாரம் வேறு விலையில் நடக்கிறது. லெகோவின் குட்டி மனிதர்கள், ஜப்பானிய உருளைப் பொம்மைகள், சீனத்து லபுபு என்று எல்லாமே மூடிய உறைக்குள் வருகின்றன.

இங்கே எல்லாருக்கும் ஏதோ ஒரு பொம்மை கிடைத்துவிடுகிறது. யாரும் வெறுங்கையோடு போவதில்லை. அதனால் இது பரிசுத் திட்டம் போலத் தோன்றுவதில்லை. ஆனால் பிள்ளை காசு கொடுப்பது ஏதோ ஒரு பொம்மைக்காக அல்லவே. அதன் மனத்தில் இருப்பது குறிப்பிட்ட ஒன்று. அது வருமா வராதா என்பதில்தான் அதன் மூச்சு நிற்கிறது. பிரிக்காமலே உள்ளே இருப்பதை அறிந்துகொள்ள உலகெங்கும் பிள்ளைகளும் சேகரிப்பாளர்களும் கண்டுபிடித்துவைத்திருக்கிற வழிகளை இந்தக் கட்டுரை ஆராய்கிறது. அந்த முயற்சி ஏமாற்று வேலை இல்லை, வாங்குகிறவரின் உரிமை என்பது என் முடிவு. அந்த உரிமை யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

தின்பண்டத்துக்குள் பொம்மையை ஒளித்து விற்பது புதிய தந்திரமில்லை. அமெரிக்காவின் கிராக்கர் ஜாக் பொரிப் பொட்டலத்தில் 1912 முதலே சிறு பரிசு இருந்தது. இத்தாலியில் 1974-ல் சாக்லேட் முட்டைக்குள் பொம்மை வந்தது. ஜப்பானில் நாணயம் போட்டுத் திருகினால் உருளை விழும் இயந்திரங்களை 1977-ல் பண்டாய் நிறுவனம் பரப்பியது. நம் பக்கத்தில் தொண்ணூறுகளில் பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் வந்தது. பிறகு சிப்ஸ் பாக்கெட்டில் டாஸோ என்ற வட்டு வந்தது.

இவற்றோடு நமக்குச் சொந்தமாகவும் ஒன்று இருந்தது: பெட்டிக்கடைச் சுவரில் தொங்கும் பலூன் அட்டை. அட்டையின் உச்சியில் ஒரு பெரிய பலூன், அதற்குக் கீழே வரிசையாகச் சின்னப் பலூன்கள், ஓரத்தில் மடித்து ஒட்டிய துண்டுச் சீட்டுகள். காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் உள்ளே எண் இருக்கும். அந்த எண்ணுக்கு எது உண்டோ அதுதான் கிடைக்கும். பெரிய பலூன் மட்டும் அட்டை காலியாகும் வரை உச்சியிலேயே தொங்கும். அதற்குரிய சீட்டைக் கடைக்காரர் முதலிலேயே உருவி வைத்துக்கொண்டார் என்று ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகள் சந்தேகப்பட்டார்கள். உண்மையோ பொய்யோ, அந்தச் சந்தேகத்தில் ஒரு கூர்மையான பொருளாதார அறிவு இருந்தது. தனக்கு அதிர்ஷ்டமாகத் தெரிவது வேறொருவருக்குத் தெரிந்த தகவலாக இருக்கலாம் என்பதைப் பலூன் அட்டை முன் நின்ற பிள்ளை உணர்ந்திருந்தது. மூடிய பொட்டல வியாபாரம் முழுவதையும் புரிந்துகொள்ள இந்த உணர்வு போதும்.

ஒரு மாலை நேரத்தில் அந்த முட்டைத் தட்டின் முன் நின்ற சிறுமி ஒருத்தியைக் கவனித்தேன். பள்ளிச் சீருடை, தோளில் பை. ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு முட்டைகளைத் திரும்பத் திரும்ப மாற்றி ஆட்டிவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“பாய், இது வண்டி. சத்தமே வேற மாதிரி இருக்குது.”

“எல்லாத்தையும் ஆட்டாதம்மா. உள்ள கிரீம் கலங்கிப் போயிடும்.”

“மெதுவாத்தான் பாய் ஆட்டினேன்.”

உடைத்தாள், வந்தது வண்டியேதான். தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அவள் செய்ததில் ஒரு முறை இருந்தது. ஒரே துண்டாக இருக்கும் பொம்மை உறைக்குள் ஒரே இடத்தில் இடிக்கும். பிரித்துப் பொருத்தவேண்டிய பொம்மை பல துண்டாகக் கலகலக்கும். தாள் சுற்றியது மந்தமாக ஒலிக்கும். ஜெர்மனியில் இந்த முட்டை வகையைச் சேகரிக்கும் பெரியவர்கள் பல்லாண்டாகச் செய்வதும் இதைத்தான். ஏழில் ஒரு முட்டையில் சேகரிப்புப் பொம்மை உண்டு என்று அங்கே விளம்பரம் செய்யப்பட்டது. அந்த ஏழாவது முட்டையைக் குலுக்கியும் எடைபோட்டும் தேடுகிற பழக்கம் அந்த விளம்பரத்தோடு சேர்ந்தே வளர்ந்தது.

சத்தத்தைவிடத் தொடுகைதான் நம்பகமான வழி. மெல்லிய பிளாஸ்டிக் உறையில் பொம்மை வரும் வகைகளில், குறிப்பாக 2010-ல் லெகோ தொடங்கிய குட்டி மனிதர் வரிசைகளில், விரலால் தடவியே கண்டுபிடிக்கும் கலை ஒரு முழுமையான நுட்பமாக வளர்ந்தது. தேர்ந்தவர்கள் முதலில் எல்லாப் பொம்மைக்கும் பொதுவான பாகங்களை ஒதுக்குகிறார்கள். உடல், கால், தலை, நிற்கவைக்கும் தட்டு ஆகியவை எல்லா உறையிலும் இருப்பதால் அவை எதையும் சொல்வதில்லை. அவற்றை உறையின் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு மீதி இருப்பதைத் தேடுகிறார்கள். வாளா, கிதாரா, நாயா, இறகு வைத்த தொப்பியா என்று பார்க்கிறார்கள். ஒரு வரிசையில் 16 பொம்மை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறெதிலும் இல்லாத ஒரு பாகம் இருக்கும். அந்த ஒன்றை விரலில் பிடித்துவிட்டால் போதும். எதையெல்லாம் கவனிக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொள்வதில்தான் திறமையில் பாதி இருக்கிறது.

விரலுக்கு இவ்வளவு திறன் உண்டா என்று ஐயப்பட வேண்டியதில்லை. ராபர்ட்டா கிளாட்ஸ்கி, சூசன் லெடர்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1985-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கண்ணைக் கட்டியவர்களிடம் அன்றாட வீட்டுப் பொருள்கள் நூறு கொடுக்கப்பட்டன. நூற்றுக்கு 96 அளவில் சரியாகச் சொன்னார்கள், அதுவும் பெரும்பாலும் ஐந்து விநாடிக்குள். இரண்டாண்டு கழித்து அந்த இருவரும் கை எப்படித் தேடுகிறது என்பதை வகைப்படுத்தினார்கள். சொரசொரப்பை அறியப் பக்கவாட்டில் தேய்க்கிறோம். கடினத்தை அறிய அழுத்துகிறோம். எடையை அறியத் தூக்கிப் பார்க்கிறோம். உருவத்தை அறியக் கைக்குள் மூடிப் பிடிக்கிறோம், விளிம்பைப் பின்பற்றி விரலை ஓட்டுகிறோம். உறைக்குள் இருக்கும் பொம்மையிடம் முதல் வழி செல்லாது. பிளாஸ்டிக் உறை சொரசொரப்பை மறைத்துவிடும். விளிம்பைப் பின்பற்றுவது மட்டும் முழுதாக மிஞ்சுகிறது. உறையைத் தடவும் சேகரிப்பாளரின் விரல் எப்போதும் ஓரத்தைத் தேடி நகர்வது இதனால்தான்.

ஆலங்காயத்துக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் முழுவதும் விரலை நம்பி நிற்கிறது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட கிழக்கிந்தியத் தோல் என்ற பெயர் உலகச் சந்தையில் நின்றதற்கு, பதனிட்டவர் கையைப் போலவே தரம் பிரித்தவர் கையும் காரணம். இன்றும் டேனரியில் செலக்ஷன் போடுகிற மேஜையருகே நின்று பார்த்தால் தெரியும். தோலை விரித்ததும் தரம் பிரிப்பவரின் கட்டைவிரல் மேலேயும் ஆட்காட்டிவிரல் கீழேயும் போகும். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். இரண்டுக்கும் இடையில் எங்கே மாறுகிறது என்பதை விரல் ஓடுகிற ஓட்டத்திலேயே சொல்லிவிடுவார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் அந்த விரலுக்கு அகப்படும். கனம் அளக்கும் கருவி பக்கத்தில் கிடக்கும். சந்தேகம் வந்தால் எடுப்பார். பெரும்பாலும் கருவி அவர் சொன்னதைத்தான் திரும்பச் சொல்லும். ஷூ கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வரும் அம்மாவின் பிள்ளை, உறையைத் தடவிப் பொம்மையைச் சொல்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

தோல் வியாபாரத்தில் தொட்டுப் பார்ப்பது விலைக்கு முந்திய சடங்கு. தொடவிடாத வியாபாரியிடம் யாரும் சரக்கு எடுக்க மாட்டார்கள். அதே தோலைத் தந்த மாடு விற்கும் சந்தையில், தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே மாடு எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கும், விலை மட்டும் மறைவில் இருக்கும். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். மூடிய பொட்டல வியாபாரம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. விலையைப் பெரிதாக அச்சிட்டுவிட்டுச் சரக்கை மறைக்கிறார்கள். அப்படி மறைத்த சரக்கை வாங்குகிறவர் தடவிப் பார்த்தால் அது முறையற்ற செயல் என்று சில பெருநகரக் கடைகள் பலகை வைக்கின்றன. இதை என்னால் ஏற்க முடியவில்லை. விற்பவருக்கு மறைக்க உரிமை இருந்தால், வாங்குபவருக்குச் சரக்கைக் கெடுக்காமல் அறிய உரிமை உண்டு.

சரக்கைக் கெடுக்காமல் என்பது இங்கே முக்கியம். உறையைக் கசக்கி, ஓரத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனால் நட்டம் நிறுவனத்துக்கு இல்லை, கடைக்காரருக்குத்தான். கசங்கிய பாக்கெட்டை அடுத்த பிள்ளை தொடாது. ஏஜென்சிக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார். முட்டையை ஆட்டாதே என்று அந்தக் கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது எடை. கேட்க எளிது, செய்யக் கடினம். லெகோ குட்டி மனிதர் ஒருவரின் எடை ஏறத்தாழ மூன்று கிராம்தான். ஒருவர் கையில் வாளும் இன்னொருவர் கையில் கோப்பையும் இருந்தால் வேறுபாடு ஒரு கிராமில் சிறு பங்கு. இரண்டு கிராம், ஐந்து கிராம் கணக்கில் நகரும் மளிகைக் கடைத் தராசு இதைக் காட்டாது. நகைக்கடைத் தராசு காட்டும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொம்மை அட்டைப் பெட்டியில் வந்தால் அந்த அட்டையே எடை மாறும். காகித அட்டை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் கிடந்த பத்து கிராம் அட்டை, சித்திரை வெயிலில் கிடந்ததைவிட நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கனமாக இருந்தால், அந்த ஈரமே வாளின் எடையை விழுங்கிவிடும். அதனால் எடைபோடுகிறவர்கள் ஒரே பெரிய பெட்டியிலிருந்து வந்த, ஒரே இடத்தில் இருந்த பொட்டலங்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். கூட்டத்தில் மிகக் கனமானதும் மிக இலேசானதும் தான் செய்தி சொல்லும். நடுவில் இருப்பவை ஊமை. போக்கிமான் சீட்டுக்கட்டுகளில் பளபளக்கும் உலோகப்பூச்சுச் சீட்டு சற்றுக் கனமாக இருப்பதால், கட்டுகளை நிறுத்து நல்லதை எடுத்துக்கொண்டு மீதியை விற்கும் வழக்கமும் இப்படித்தான் பிறந்தது.

நான்காவது வழிக்குத் தொடுகையும் வேண்டாம், தராசும் வேண்டாம். நிறுவனமே தன்னையறியாமல் காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலையில் எந்தப் பொம்மை எந்த உறைக்குள் போகிறது என்று இயந்திரத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தத் தடயம் ஏதாவது ஒரு வடிவில் உறையின் மேல் தங்கிவிடுகிறது. லெகோவின் முதல் வரிசையில் உறையின் பின்னால் இருந்த பட்டைக்குறி ஒவ்வொரு பொம்மைக்கும் வேறாக இருந்தது. சேகரிப்பாளர்கள் சில நாளிலேயே அட்டவணை போட்டுவிட்டார்கள். நிறுவனம் அதை மாற்றியது. பிறகு உறை ஒட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் புள்ளிகள் புடைத்திருப்பதைக் கண்டார்கள். அதற்கும் அட்டவணை வந்தது. அந்தப் புள்ளிகளும் மறைந்தன. 2023 செப்டம்பரில் பிளாஸ்டிக் உறையை விட்டு அட்டைப் பெட்டிக்கு மாறினார்கள். பிளாஸ்டிக்கைக் குறைப்பது நல்ல காரியம்தான், ஆனால் விரலுக்குக் கதவு அடைபட்டது. பெட்டியின் அடியில் இருந்த சதுரக் குறியைக் கைபேசியில் படம்பிடித்தால் உள்ளே யார் என்று சொல்லும் செயலிகளைச் சிலர் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் தொழிற்சாலைப் பாகங்களைச் சோதிக்கும் ஒரு கூடம், திறக்காத போக்கிமான் கட்டுகளை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் சேவையை 2024-ல் காசுக்கு விற்கத் தொடங்கியது.

இந்த வரிசையைத் திரும்பப் பாருங்கள். காது, விரல், தராசு, கைபேசி, ஸ்கேன். ஒவ்வொரு படியிலும் முதலீடு ஏறுகிறது, பிள்ளை விலகிப் போகிறது. விரல் எல்லாருக்கும் உண்டு. நகைத் தராசு இல்லை. ஸ்கேன் கருவி இல்லவே இல்லை. நிறுவனங்கள் தடவிப் பார்ப்பதைத் தடுக்கத் தடுக்க, அறியும் ஆற்றல் பிள்ளையின் கையிலிருந்து மறுவிற்பனை செய்கிற பெரியவர் கைக்குப் போகிறது. என் கவலையெல்லாம் இங்கேதான்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வரிசையில் 12 பொம்மை, எல்லாம் சம அளவில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எதையும் முன்கூட்டி அறியாமல் வாங்கினால் பன்னிரண்டையும் சேர்க்கச் சராசரியாக 37 பொட்டலம் வாங்க வேண்டும். முதல் ஆறு எளிதில் வந்துவிடும். எட்டுப் பொட்டலம் போதும். கடைசி மூன்றுக்கு மட்டும் 22 பொட்டலம் தேவைப்படும். அந்தக் கடைசிக் கட்டத்தில் வாங்குவதில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருப்பவை. வரிசையில் 16 இருந்தால் கணக்கு 54 ஆகிவிடும். தொடக்கத்தில் எல்லாமே புதிதாகக் கிடைக்கிற மகிழ்ச்சியும், முடிவில் ஒன்றே ஒன்றுக்காகக் காசு கரைகிற வேதனையும் இந்தக் கணிதத்திலேயே பதிந்திருக்கின்றன. விற்பனைத் துறைக்கு இது நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளுக்கும் தெரியும், அவர்கள் வழியில். பபிள்கம் படக் காலத்திலிருந்து இன்று வரை பள்ளி இடைவேளையில் நடக்கும் பண்டமாற்றுதான் இந்தக் கணக்குக்கு அவர்கள் கண்ட மாற்று. என்னிடம் இரண்டு இருக்கிறது, உன்னிடம் இல்லை, மாற்றிக்கொள்வோம். நாலைந்து பேர் சேர்ந்து மாற்றினால் ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய எண்ணிக்கை மளமளவென்று குறையும். மூடிய பொட்டலம் பிள்ளைகளுக்குத் தருகிற ஒரே நல்ல பரிசு இந்தக் கூட்டுறவு என்று எனக்குத் தோன்றுகிறது.

அரிய பொம்மை என்று வரும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங் 2015-ல் படைத்த லபுபுவை, சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் 2019 முதல் மூடிய பெட்டியில் விற்கிறது. அதில் ‘ரகசிய’ வகை 72-ல் ஒன்று என்று பல வரிசைகளில் அச்சிட்டிருக்கிறது. 72 பெட்டி வாங்கினால் ஒன்று நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி இடத்திலிருந்து வந்தால், 72 வாங்கிய பிறகும் ரகசியப் பொம்மை கிடைக்காமல் போக நூற்றுக்கு ஏறத்தாழ 37 வாய்ப்பு இருக்கிறது. 2025-ல் இந்தப் பொம்மைக்காகக் கடை வாசலில் நடந்த தள்ளுமுள்ளைப் பார்த்து, பிரிட்டனில் அந்த நிறுவனமே கடை விற்பனையைச் சில காலம் நிறுத்தியது. நம் ஊர்ச் சந்தைகளுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் போலி. அசலுக்கு ஒன்பது பல், போலிக்குக் கூடும் குறையும் என்று எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளே கற்றுக்கொண்டார்கள்.

அச்சிட்ட விகிதமும் கடைத் தட்டில் உண்மையாக இருப்பதில்லை. ஒரு பெரிய பெட்டியில் 36 பொட்டலம், பன்னிரண்டு வகையிலும் மூன்று மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரியிடத்திலேயே ஒருவர் குறியைப் பார்த்தோ நிறுத்தோ விலைபோகும் வகையில் மூன்றையும் எடுத்துவிடுகிறார். மீதி 33 சின்ன ஊர்க் கடைக்கு வருகின்றன. பொட்டலத்தின் மேல் எல்லா வகையின் படமும் அப்படியே இருக்கும். விலையும் அதேதான். ஆனால் அந்த வகை கிடைக்கும் வாய்ப்பு, பூஜ்யம். வாங்குகிற பிள்ளைக்கு அது தெரியாது, விற்கிற கடைக்காரருக்கும் தெரியாது. பெருநகரத்தில் பல கடை ஏறி இறங்கலாம். ஒரே ஒரு பெட்டி வாங்கி மாதக்கணக்கில் விற்கும் ஆலங்காயம் போன்ற ஊரில், அந்தப் பெட்டியில் இல்லாதது ஊரிலேயே இல்லை. பலூன் அட்டை முன் நின்ற பிள்ளையின் பழைய சந்தேகம், இப்போது கடைக்காரரைத் தாண்டி, முகம் தெரியாத ஒருவர் மேல் திரும்ப வேண்டியிருக்கிறது.

மற்ற நாடுகள் கொஞ்சம் விழித்துக்கொண்டுவிட்டன. ஷாங்காய் நகரம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, மூடிய பெட்டி ஒன்றின் விலை 200 யுவானைத் தாண்டக் கூடாது என்றது. 2023-ல் சீனா முழுமைக்கும் வந்த வழிகாட்டி, எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது, அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், எந்த வகை எத்தனைக்கு ஒன்று என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வகுத்தது. அமெரிக்காவின் கவலை வேறு வகை. 1938-ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் மிட்டாய்க்குள் தின்ன முடியாத பொருளைப் புதைக்கத் தடைவிதிக்கிறது. அதனால் பழைய சாக்லேட் முட்டை அங்கே நுழையவே இல்லை. தின்பதும் பொம்மையும் தனித்தனிப் பாதியில் இருக்கும் கிண்டர் ஜாய் 2017 இறுதியில்தான் போனது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை பற்றி அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகச் சொல்கிறது. விற்பனையைப் பெருக்க நடத்தும் குலுக்கலையும் அதிர்ஷ்ட விளையாட்டையும் முறையற்ற வணிக நடவடிக்கைகளில் சேர்க்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மை நஞ்சில்லாததா, கூர்முனை இல்லாததா என்று கேட்க வழி பிறந்துவிட்டது. எது கிடைக்கும், எத்தனைக்கு ஒன்று கிடைக்கும் என்று கேட்கத்தான் இன்னும் வழியில்லை.

இதை இப்போதே கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. உள்நாட்டிலேயே பொம்மை செய்ய வேண்டும் என்பது கொள்கை. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் நிறுவனம் கோவாவோடு சேர்த்து நம் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை வைத்திருக்கிறது. தோல் பட்டறைகளின் நடுவே பொம்மை அச்சும் ஓடுகிறது. மூடிய பொட்டலத்தின் இலாபத்தைப் பார்த்தபின் இந்தியத் தயாரிப்பாளர்களும் அந்த வழியில் இறங்குவார்கள். அவர்கள் இறங்கும் முன்பே விதி இருந்தால், அதற்கேற்ற உறையை முதல் நாளிலிருந்தே அச்சிடலாம்.

விதி சிக்கலானதாக இருக்க வேண்டியதில்லை. வரிசையில் எத்தனை வகை, ஒவ்வொன்றும் எத்தனைக்கு ஒன்று என்பது உறையில் தமிழிலும் இருக்க வேண்டும். எல்லாருக்கும் தெரியும்படி குறி போடுவது, அல்லது யாருக்கும் தெரியாதபடி மறைப்பது என்று நிறுவனம் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். செயலி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிகிற குறியை விட்டுவைக்கக் கூடாது. வரிசை முடியும் தறுவாயில் எந்த வகையையும் திறந்த உறையில் ஒரே விலைக்கு விற்க வேண்டும். கடைசி மூன்றுக்காக 22 பொட்டலம் வாங்கவைக்கும் கணக்கு அதோடு முடிந்துவிடும். 1979-ல் சோப்புக் கம்பெனிக்கு எல்லை கட்டிய மாநிலத்துக்கு இது பெரிய வேலையில்லை.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பொட்டலத்தைத் தடவிப் பார்த்தால் கையைத் தட்டிவிடாதீர்கள். கிழிக்காமல், நசுக்காமல் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டாவது முறையும் அதே பொம்மை வந்தால் மூன்றாவதை வாங்கித் தராமல், மாற்றிக்கொள்ள ஒரு சிநேகிதரைத் தேடச் சொல்லுங்கள். உறையில் தயாரிப்பாளர் முகவரியும் அதிகபட்ச விலையும் இல்லாவிட்டால், பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாவிட்டால், வாங்காதீர்கள். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.